பழைய பக்திக் கேசட்டுகளின் பாட்டுரிமையை 9 லட்சத்துக்கு வாங்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த கேள்வி. பாலக்காட்டுச் சித்தூரில் 1990களில் பக்திக் கேசட் வெளியிட்டுவந்த ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் 42 பாட்டுகளின் ‘முழு உரிமை’யை 9 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ஐயப்பன், முருகன் பாட்டுகள் 33, பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் பாடி ஆடும் கண்ணியார்களிப் பாட்டுகள் 9. தமிழும் மலையாளமும் கலந்தவை. போன வருடம் யூட்யூப், மற்ற ஆப்கள் எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய் வந்ததாக ஸ்டேட்மென்ட் காட்டுகிறார். அதில் பாதிக்கு மேல் இரண்டே பாட்டுகளில் வந்தது. பேங்க் டெபாசிட்டை எடுத்துப் போடலாமா? சாமி பாட்டை விலைக்கு வாங்கி அதில் காசு பார்ப்பது தகுமா என்று வீட்டில் கேட்கிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்வது?

9 லட்சத்துக்கு வாங்காதீர்கள். கீழே சொல்லும் காகிதங்கள் கைக்கு வந்தால் 3, மிஞ்சிப்போனால் மூன்றரை லட்சத்துக்கு வாங்கலாம். வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொன்னால் போதாது, பத்திரத்தில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ‘முழு உரிமை’ என்ற பேச்சை விடுங்கள். ஒரு பாட்டில் மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம், ஆயுளும் வேறு. வரிக்கும் மெட்டுக்கும், ஆக்கியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருடம். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்து 60 வருடம். நம் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்து, கண்ணதாசன் எழுதி, 1964இல் இசைத்தட்டாக வந்த ஏதாவது ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிப்பதிவின் காப்புரிமை 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. கண்ணதாசன் 1981இல் மறைந்தார் என்பதால் வரிகளுக்கு 2041 முடியும்வரை உண்டு. எம்.எஸ்.வி. 2015இல் மறைந்தார் என்பதால் மெட்டுக்கு 2075 முடியும்வரை. பழைய தட்டு பொதுவாகிவிட்டது என்று நம்பி யாராவது அதை விற்றுக் காசாக்கப் போனால், வரியும் மெட்டும் வைத்திருப்பவர்கள் கையைப் பிடிப்பார்கள். நீங்கள் வாங்கப் பார்க்கும் கேசட்டுகளும் இதே கணக்குதான். 1994இல் வந்தது என்றால் ஒலிப்பதிவு 2054 வரை ஓடும்.

சித்தூர்க்காரரின் மகனிடம் இந்த மூன்றில் எது இருக்கிறது? ஒலிப்பதிவு அநேகமாக இருக்கும். பணம் போட்டு, ஸ்டூடியோ பிடித்து, பொறுப்பெடுத்துப் பதிவு செய்தவரைத்தான் சட்டம் ஒலிப்பதிவின் ஆசிரியராக வைக்கிறது. வரியும் மெட்டும் அப்படி வராது. சினிமாவுக்குப் பணம் கொடுத்து எழுதச் சொன்னால் தயாரிப்பாளர் முதல் உரிமையாளர் ஆகிவிடுவார் என்ற விதி தனிப்பாட்டுக் கேசட்டுக்குப் பொருந்தாது. எழுதியவர் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவராக இருந்தாலொழிய, வரி எழுதியவருடையதுதான், மெட்டு போட்டவருடையதுதான். கைமாற வேண்டுமென்றால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடந்தது ஒரு வவுச்சர்: ‘பாட்டுக்குக் கூலி பெற்றுக்கொண்டேன், கணக்கு தீர்ந்தது.’ கூலி தீர்ந்ததற்கு அது சாட்சி. உரிமை மாறியதற்கு ஆகாது.

ஒப்பந்தம் இருக்கிறது என்று சொன்னால் அதை வரி வரியாகப் படியுங்கள். 1995 மே 10க்குப் பிறகு எழுதியதில் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் செல்லும். அதற்குப் பிறகு உரிமை எழுதியவரிடமே திரும்பிவிடும். எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். இது சின்ன விஷயமில்லை. பாலக்காட்டுக்காரர்கள் துபாயிலும் மஸ்கட்டிலும் உட்கார்ந்து கேட்கிற பாட்டு இது. வெளிநாட்டில் கேட்பதற்கு வரும் காசு உள்நாட்டைவிடக் கூடுதல். அந்தப் பங்கு உங்கள் பத்திரத்துக்குள்ளேயே வராமல் போகலாம். ‘கேசட் வெளியிடும் உரிமை’ என்று மட்டும் எழுதியிருந்தால் யூட்யூப் அதில் அடங்குமா என்பதே வழக்காகிவிடும். காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின் எழுதும் பத்திரமானால், எழுதும் நாளில் இல்லாத, வணிகப் புழக்கத்துக்கு வராத வெளியீட்டு முறை அதைக் குறிப்பாகச் சொல்லி எழுதியிருந்தாலொழிய அதில் அடங்காது.

அடுத்து மெட்டு. பக்திக் கேசட்டுகளின் பெரிய ஓட்டை இதுதான், விற்பவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அன்று வந்த ஐயப்பன் பாட்டுகளில் நிறைய, ஓடுகிற சினிமாப் பாட்டின் மெட்டில் சாமி வரிகளை உட்கார வைத்தவை. பஜனையில் பாடும்போது யாரும் கேட்கவில்லை. இன்று யூட்யூபில் உரிமையுள்ள பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி ஒலியை மட்டுமல்ல, மெட்டையும் ஒப்பிடுகிறது. சினிமா மெட்டு வைத்திருக்கும் கம்பெனி உரிமை கோரினால் அந்தப் பாட்டின் வருமானம் அவர்களுக்குப் போய்விடும், அல்லது பாட்டே நிறுத்தப்படும். அதனால் 33 பாட்டையும் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள், பழைய பாட்டு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பல்லவி தொடங்கிய அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேசட்டின் உள்அட்டையையும் பாருங்கள். இசை என்ற இடத்தில் ஒருவர் பெயர் இருக்கிறதா, ‘இசை ஒருங்கிணைப்பு’ என்று மழுப்பியிருக்கிறதா, அல்லது அந்த வரியே இல்லையா? பெயர் இல்லாத பாட்டு சந்தேகப் பாட்டு. பாதிக்கு மேல் சம்பாதிக்கும் அந்த இரண்டு பாட்டுகளும் இந்த வகையில் சேர்ந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கண்ணியார்களி ஒன்பதும் வேறு கதை. அவை மீன, மேட மாதங்களில் பகவதி கோயில்களில் தேசம் தேசமாக, அதாவது ஊர் ஊராக, பாடி ஆடிவருபவை. புறாட்டு என்னும் வேடிக்கை வேடப் பகுதியில் வரும் தமிழ்ப் பாட்டுகளுக்கு ஆசிரியர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் கிடையாது. சித்தூர்க்காரர் வைத்திருப்பது அவர் பதிவு செய்த அந்த ஒலியை மட்டும். அதைத் தாராளமாக வாங்கலாம், விற்கலாம். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பாட்டை யூட்யூபிலும் ஆப்களிலும் ஏற்றிக் காசு வாங்கித் தரும் விநியோகஸ்தரின் படிவத்தில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடங்களில் உங்கள் பெயரையோ கம்பெனி பெயரையோ போடுவது. போட்டால் என்ன ஆகும்? அடுத்த வருடம் ஒரு தேசத்துக் களிக்காரர்கள் தங்கள் கோயில் களியைப் படம் பிடித்து யூட்யூபில் ஏற்றுவார்கள். மெட்டு ஒத்துப்போகிறது என்று கணினி உங்கள் பெயரில் உரிமை கோரும். தாத்தா காலத்திலிருந்து பாடிவருகிற பாட்டுக்கு அவர்களே திருடர்கள் ஆவார்கள். தெரியாமல் நடந்தாலும் இது அநியாயம். சட்டப்படி பொய் உரிமையும்கூட. அந்த இடத்தில் ‘மரபுப் பாடல்’ என்று எழுதச் சொல்லுங்கள். மெட்டு ஒப்பீட்டிலிருந்து ஒன்பதையும் விலக்கி வைக்கச் சொல்லி விநியோகஸ்தரிடம் எழுத்தில் வாங்குங்கள். அட்டப்பாடிப் பக்கம் இருளர் பாட்டுகளைப் பதிவு செய்து விற்பவர்களுக்கும் இதே பேச்சுதான், இன்னும் அழுத்தமாக. அந்த ஊர்ப் பாடகி நஞ்சம்மாவுக்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்ட பிறகு அப்பாட்டுகளுக்குச் சந்தை வந்துவிட்டது, பதிவு செய்ய வருபவர்களும் கூடிவிட்டார்கள்.

இனிக் கணக்கு. ஸ்டேட்மென்ட் எந்த மாதங்களுக்கு உரியது? ஐயப்பன் பாட்டு கார்த்திகை முதல் தேதியில் ஏறி மகர விளக்கோடு இறங்கும். முருகன் பாட்டுக்குத் தைப்பூசமும் பங்குனி உத்திரமும். ஆடி, ஆவணியில் இரண்டும் படுத்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான தாளைக் காட்டி ‘வருடத்துக்கு இதைப்போல் மூன்று மடங்கு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மூன்று முழு வருடங்களுக்கு, மாதவாரியாக, பாட்டுவாரியாக வேண்டும். அதுவும் அவர் தட்டச்சு செய்த தாளாக இல்லாமல், விநியோகஸ்தரின் தளத்தில் உங்கள் கண்முன் திறந்து இறக்கியதாக. அதைப் பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப்பாருங்கள்.

1,40,000 உண்மை என்றே வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் 20 சதவீதம் எடுப்பார் என்றால் 28,000 போய் 1,12,000. வரி எழுதியவர், மெட்டு போட்டவர், பாடியவர் பங்காக 22,000 ஒதுக்குங்கள். கணக்கெழுத, வக்கீலுக்கு, பாட்டுகளை ஒழுங்குபடுத்த வருடம் 10,000. கையில் நிற்பது 80,000. அவர் கேட்கும் 9 லட்சம் இதற்குப் பதினொன்றே கால் மடங்கு.

டெபாசிட்டை விட்டு இவ்வளவு தொல்லைக்கு வருகிறவர் 12 சதவீதமாவது எதிர்பார்க்க வேண்டும். அந்த 80,000 ஒரு ரூபாய்கூடக் குறையாமல் காலத்துக்கும் வந்தால்கூட, 12 சதவீதத்தில் இன்றைய மதிப்பு 6,67,000தான். வருடம் 8 சதவீதம் குறைந்துவந்தால் 4 லட்சம். குறைந்துவந்து பத்து வருடத்தில் நின்றுவிட்டால் 3,44,000. அவருடைய 9 லட்சம் சரியாக வர வேண்டுமென்றால் வருமானம் வருடம் 3 சதவீதம் கூடிக்கொண்டே போக வேண்டும், என்றென்றைக்கும். முப்பது வருடப் பழைய கேசட்டில் அது நடக்கும் என்பதற்கு ஸ்டேட்மென்ட் ஆதாரம் தருகிறதா பாருங்கள். இரண்டு பாட்டைத் தவிர மீதி நாற்பதும் பேருக்கு இருப்பவை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது ஒலிக்காத பதிவுக்குக் காசே கணக்கிடுவதில்லை.

கோயில் திருவிழாவில் மைக்செட்டில் ஊரெல்லாம் நம் பாட்டுதானே ஓடுகிறது, அதற்கு வசூலிக்கலாமே என்று அவர் ஆசை காட்டலாம். முடியாது. உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலிபரப்புவது காப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டமே விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலத்துக்கும் அது உண்டு. பக்திப் பாட்டு அதிகம் ஒலிக்கும் இடத்திலேயே அதற்கு வருமானம் கிடையாது. அது அப்படி இருப்பதுதான் சரி என்பது என் எண்ணம்.

இதே சொத்தில் பெரிய முதலீட்டாளர்களும் சறுக்கியிருக்கிறார்கள். 1997இல் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் பாட்டு வருமானத்தை ஈடாக வைத்து 5.5 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்றார்கள், வட்டி 7.9 சதவீதம். இணையத்தில் பாட்டு இலவசமாகப் பரவத் தொடங்கியதும் தட்டு விற்பனை சரிந்தது, 2004இல் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ் அதன் தரத்தைக் குப்பைப் பத்திரத்துக்கு ஒரு படி மேல்வரை இறக்கியது. பத்திரக்காரர்களுக்குப் பணம் முழுதாகத் திரும்பக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2018இல் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்த ஹிப்னோசிஸ் நிதி, பாட்டுரிமைகளை வாங்கிக் குவித்தது. வட்டி விகிதம் ஏறியதும் அந்த விலைக்கு நியாயம் போய்விட்டது. 2023 அக்டோபரில் பங்காதாயத்தை நிறுத்தினார்கள், பிறகு தனி மதிப்பீட்டாளர் சொத்தின் மதிப்பைக் கால் பங்குக்கு மேல் வெட்டினார், 2024இல் பிளாக்ஸ்டோன் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ‘பாட்டில் பங்கு வாங்குங்கள், மாதாமாதம் ராயல்டி’ என்று இங்கே ஆப்பில் பலரிடம் பணம் சேர்ப்பவர் யாராவது உங்களிடம் வந்தால், பங்குச் சந்தை ஒழுங்காணையமான செபியின் பதிவு இருக்கிறதா என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

இப்போது வீட்டில் கேட்ட கேள்வி. பாட்டைச் செய்தவனுக்கும் அதில் பணம் போட்டவனுக்கும் உள்ள வழக்கு நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ்.ஸுக்கும் படத் தயாரிப்பாளர்களுக்கும் நடந்த வழக்கில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சினிமாப் பாட்டு தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பானது. அந்த அமர்வில் இருந்தவர் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர். சட்டம் இருக்கிறபடி தீர்ப்போடு உடன்பட்டுவிட்டு, தனியாக ஒரு குறிப்பு எழுதினார்: கேட்பவர் மனத்தை உருக்குகிற குரலுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று. 1994 திருத்தத்தில் பாடகர், வாத்தியக்காரர்களுக்கு உரிமை வந்தது. 2012 திருத்தத்தில் இன்னும் பெரிய மாற்றம்: பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சமப் பங்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கும் காப்புரிமைச் சங்கத்துக்கும் தவிர. அவர்களே கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தாலும் செல்லாது. தன் பெயர் சொல்லப்பட வேண்டும், தன் பாட்டைத் தன் மதிப்புக்குக் கேடாகச் சிதைக்கக் கூடாது என்ற உரிமையும் விற்ற பின்னும் அவரிடமே இருக்கும்.

ஆகவே நீங்கள் வாங்குவது வருமானத்தில் ஒரு பங்கு. பாட்டு செய்தவரோடுதான் இருக்கிறது. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. முதலீட்டுக்கும் இதுதான் பாதுகாப்பு. உயிரோடிருக்கும் பாடலாசிரியர் கோபித்துக்கொண்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் விநியோகஸ்தர் உடனே காசை நிறுத்தி வைப்பார், தீரும்வரை யாருக்கும் வராது. அவரை முதலிலேயே பங்காளியாகச் சேர்த்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பத்திரத்தில் இவற்றை எழுதுங்கள்: வரி, மெட்டு, குரல் மூன்றுக்கும் வருடத்துக்கு இரண்டு முறை கணக்கும் பங்கும், ஒவ்வொரு பதிவேற்றத்திலும் அவர்கள் பெயர், மது, பான் மசாலா, கட்சிப் பிரசாரத்துக்குக் கொடுப்பதில்லை, வரி மாற்றி ரீமிக்ஸ் போடுவதானால் எழுதியவர் அல்லது அவர் வாரிசின் எழுத்துச் சம்மதம், பாடியவரின் குரலை ஏ.ஐ.யில் நகலெடுத்துப் புதுப் பாட்டு செய்வதில்லை. விளம்பரத்துக்கு விற்றால் வரக்கூடிய காசு கொஞ்சம் குறையும். மாலை போட்டவர் விரதத்தில் கேட்கிற பாட்டு அது. அந்தக் காசு இல்லாமலே நான் சொன்ன விலை கட்டும்.

வாங்கும் வரிசை: பாட்டு, வரி எழுதியவர், மெட்டு, பாடியவர், வெளியான ஆண்டு, ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் பன்னிரண்டு எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண், கையில் உள்ள காகிதம் என்று 42 வரி அட்டவணை ஒன்றை விற்பவரே தயாரித்துக் கையெழுத்திட வேண்டும். அப்பாவின் சொத்து என்பதால் சித்தூர் தாலுகா ஆபீசில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிக்கொடுத்த அக்காவை விட்டுவிட்டு மகன் மட்டும் விற்றால் அந்தப் பங்கு உங்களுக்கு வராது. கேசட் கம்பெனி கூட்டு வியாபாரமாக இருந்ததா என்றும் விசாரியுங்கள். வரி எழுதியவர்களிடமும் மெட்டு போட்டவர்களிடமும் புதிதாகத் தனித்தனி ஒப்பந்தம், காலமும் நாடும் ராயல்டி விகிதமும் குறிப்பிட்டு. வாங்கிய உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதியாகும். அப்படி ஆகாமலிருக்க, அதற்கு மாறாகப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். அவர் ஏற்கெனவே எந்த விநியோகஸ்தரிடம் எத்தனை வருடத்துக்குக் கையெழுத்திட்டிருக்கிறார், முன்பணம் வாங்கியிருக்கிறாரா என்பதைக் கேளுங்கள். வாங்கியிருந்தால் அது கழியும்வரை உங்களுக்கு ஒன்றும் வராது. யூட்யூப் சேனல் யாருடைய மெயிலில் இருக்கிறது என்பதும் முக்கியம். ஏற்றிக்கொடுத்த கம்ப்யூட்டர் கடைக்காரர் மெயிலில் இருந்து, அவர் கடையை மூடிவிட்டிருக்கலாம். ஒரு தமிழ், ஒரு மலையாள நாளிதழில் பொது அறிவிப்பு கொடுத்து 15 நாள் பொறுங்கள். ராயல்டிக்கு டி.டி.எஸ். 10 சதவீதம், உரிமை மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் யார் தலையில் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு விலையிலேயே பேசிவிடுங்கள். காப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. பதிய நினைத்தால் வரிக்கும் மெட்டுக்கும் ஒவ்வொன்றுக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம். சம்பாதிக்கிற இரண்டு பாட்டுக்குப் போட்டால் போதும்.

மூல நாடாவைக் கேளுங்கள், கடைக்கு வந்த கேசட் போதாது. ஸ்டூடியோவின் ஸ்பூல் என்னும் பெரிய நாடாச் சுருளோ, டேட் என்னும் டிஜிட்டல் நாடாவோ எங்கே என்று விசாரித்து, உறையைத் திறந்து பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சணம். பாலக்காட்டு மழைக்கு அலமாரியில் வைத்த நாடாவில் வரும். அதை அப்படியே ஓட்டிப் பார்க்காதீர்கள். பூச்சு உரிந்து போகும், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் கோப்பாக ஏற்றச் சொல்லுங்கள். கேசட்டிலிருந்துதான் எடுத்தாக வேண்டுமென்றால் ஹெட்டின் சாய்வை அந்தக் கேசட்டுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்த பிறகே. இல்லாவிட்டால் தாளச் சத்தமெல்லாம் மங்கிவிடும். மூலம் இல்லை, கேசட் ஒலி மட்டும்தான் என்றால் விலையை இன்னும் இறக்குங்கள்.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். கையெழுத்தன்று 30 சதவீதம். சேனலும் விநியோகக் கணக்கும் உங்கள் பெயருக்கு மாறி முதல் ஸ்டேட்மென்ட் வந்ததும் 50. மீதி 20, ஒரு மண்டலக் காலம் முழுதாக ஓடி, யாரும் உரிமை கோரவில்லை என்று தெரிந்த பிறகு பிப்ரவரியில். அவர் இதற்கெல்லாம் ஒத்துவராமல் 9 லட்சத்திலேயே நின்றால், உரிமையை வாங்காமல் ஐந்து வருட லைசென்ஸ் கேட்டுப் பாருங்கள்: முன்பணம் ஒரு லட்சம், அதற்கு மேல் வரும் நிகர வருமானத்தில் பாதி அவருக்கு. அவருடைய பாட்டு உண்மையிலேயே அவர் சொல்கிறபடி ஓடினால் அவருக்கும் அதில் நஷ்டமில்லை.